மிதிக்கு அடிக்கும் கடிகாரம்

மாமனார் மாத்திரைக்கு வாயைத் திறக்க மறுத்து அன்றோடு மூன்றாவது நாள். சாப்பாட்டுக்கு ஒழுங்காகத் திறந்தார். இட்லி, கஞ்சி, குழைத்த சோறு எல்லாம் இறங்கியது. மாத்திரையைக் கண்டால் மட்டும் உதடு இரண்டும் பசை போட்டது போல ஒட்டிக்கொள்ளும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்ததிலிருந்து இதே கூத்து. காலையில் போன் செய்தபோது டாக்டர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

"இன்னைக்கும் உள்ள போகலைன்னா சாயங்காலம் கூட்டிட்டு வந்துடுங்க. மூக்குல டியூப் போட்டுத்தான் குடுக்கணும். ரத்தம் உறையாம இருக்கிறதுக்கான மாத்திரை அது. இன்னொரு அட்டாக் வந்தா அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

டியூப் என்ற சொல் காதில் விழுந்ததும் என் மனைவி போனை என் கையில் திணித்துவிட்டுச் சமையல்கட்டுக்குள் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் ஒரு நாள் அவர் குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கி எறிய, நர்ஸ் அவர் இடது கையைத் துணியால் கட்டிலோடு கட்டிப்போட்டாள். பக்கவாதத்தில் வலது கையும் வலது காலும் ஏற்கெனவே செயலற்றுக் கிடந்தன. மிச்சமிருந்த ஒரு கையையும் கட்டியபோது அவர் எங்களைப் பார்த்த பார்வை எனக்கே இன்னும் மறக்கவில்லை. பெற்ற மகளுக்கு எப்படி மறக்கும்?

"இன்னொரு தபா அவரு கைய கட்டுறத என்னால பாக்க முடியாது," என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "அந்த வாட்ச்ச சரி பண்ணுவீங்களா மாட்டீங்களா?"

பண்ணிக்கொண்டுதான் இருந்தேன். மூன்று நாளாக அதைத் தவிர நான் வேறு எதுவும் பண்ணவில்லை. வேலைக்குப் போகவில்லை, சவரம் செய்யவில்லை. கேட்ட கேள்விக்கு எரிந்து விழாமல் பதில் சொன்னதும் இல்லை.

வாட்ச்சுக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்பதைச் சொல்ல வேண்டும். என் மாமனார் ஒரு சொல்தா. பாண்டிச்சேரிக்கு வெளியே இந்த வார்த்தை செல்லாது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். வாலிபத்தில் போய்ச் சேர்ந்து, எங்கெங்கோ சுற்றிவிட்டுத் திரும்பி வந்தவர். வரும்போது ஒரு கைக்கடிகாரம் கொண்டுவந்தார். சாவி கொடுத்து ஓட்டுகிற பழைய சாமான், ஆனால் அதற்குள்ளேயே அலாரம் இருந்தது. பக்கவாட்டில் இரண்டு குமிழ். கீழே இருப்பது மணி ஓடுவதற்கு. மேலே இருப்பது அலாரத்துக்கு. அதைத் திருகினால் அலாரத்தின் ஸ்பிரிங் ஏறும், இழுத்துத் திருப்பினால் அலார முள் நகரும், இழுத்தபடியே விட்டுவைத்தால் சொன்ன நேரத்துக்கு அடிக்கும். பேட்டரி கிடையாது. சட்டைப்பைக்குள் சில்வண்டு மாட்டிக்கொண்டால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு சத்தம்.

தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு அது அடிக்கும். அடித்ததும் பிரஷர், சர்க்கரை என்று எந்த மாத்திரை இருந்தாலும் அத்தனையையும் உள்ளங்கையில் கொட்டி ஒரே விழுங்காக விழுங்குவார். நான் இந்த வீட்டு மாப்பிள்ளையாக வந்த நாளிலிருந்து பார்க்கிற காட்சி அது. வாட்ச் அடிக்காமல் அவர் மாத்திரை தொட்டதில்லை, அடித்த பிறகு தொடாமல் இருந்ததும் இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தாலும் சரி.

குளியலறையில் அவர் விழுந்த அன்றைக்கு வாட்ச்சும் அவரோடு விழுந்தது. மணிக்கட்டு தரையில் மோதியிருக்க வேண்டும். அதன் பிறகு மணி ஓடியது, அலாரம் அடிக்கவில்லை. அவருக்கும் அதே கதைதான். மூச்சு இருந்தது, பேச்சு போய்விட்டது.

போனில் அலாரம் வைத்துப் பார்த்தோம். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் எனக்கு ஒரு மகா யோசனை தோன்றியது. போனை வைப்ரேஷனில் போட்டு, துண்டுக்கடியில் மறைத்து, அவர் மணிக்கட்டுக்குக் கீழே வைத்தேன். போன் உறுமியது. அவர் துண்டைத் தூக்கிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பஸ்ஸில் பாக்கெட் அடிக்கிறவனைக் கையும் களவுமாகப் பிடித்தால் இப்படித்தான் பார்ப்பார்கள். அன்று முழுவதும் நான் ஊட்டிய கஞ்சியைக்கூட அவர் குடிக்கவில்லை.

கடைவீதியில் வாட்ச் ரிப்பேர் பார்ப்பவரிடம் கேட்டேன். விட்டுவிட்டுப் போங்கள், ஒரு மாதம் ஆகும், அலாரம் வாட்ச் பார்த்தே பல வருஷம் ஆயிற்று என்றார். ஒரு மாதம் எங்கே இருக்கிறது? அதோடு வாட்ச்சை அந்த அறையைத் தாண்டி எடுத்துப்போனாலே மாமனார் போட்ட சத்தத்தில் தெரு திரும்பிப் பார்த்தது. ஆகவே சாப்பாட்டு மேசையை அவர் நாற்காலிக்கு எதிரே இழுத்துப் போட்டு, அவர் கண் முன்னாலேயே நான் கழற்ற ஆரம்பித்தேன்.

நான் வாட்ச் வேலை தெரிந்தவன் அல்ல. தட்டாஞ்சாவடியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டுகிறவன். நான் தொடுகிற சாமானில் மிகச் சின்னதே என் கட்டை விரல் அளவு இருக்கும். கல்யாணமான புதிதில் ஒருமுறை மேசைமேல் கிடந்த இந்த வாட்ச்சை ஆசையாக எடுத்துப் பார்த்தேன். "வை கீழ. இரும்பு புடிக்கிற கை அது," என்றார் மாமனார். அன்றிலிருந்து நான் அதைத் தொட்டதில்லை. எனக்கும் ரோஷம் உண்டு. இப்போது அந்த இரும்பு பிடிக்கிற கையை வைத்துக்கொண்டுதான் அவர் எதிரே உட்கார்ந்திருந்தேன். அவர் கண் என் விரலை விட்டு நகரவில்லை.

வாட்ச்சின் முதுகில் இரண்டு மூடி. வெளியே திருகு வளையம் வைத்த மூடி, அதில் சத்தம் வெளியே வருவதற்குச் சுற்றிலும் பொடிப்பொடியாகத் துளைகள். வளையத்தைத் திறக்க என்னிடம் கருவி இல்லை. ஒர்க்‌ஷாப்பில் அளவு பார்க்கிற வெர்னியரின் இரண்டு மூக்கையும் அதன் பள்ளங்களில் பொருத்தித் திருகினேன். வந்துவிட்டது. விழுந்த அடியில் முன்பே தளர்ந்திருந்தது. உள்ளே மெல்லிய தகடாக இன்னொரு மூடி, அதன் உள்பக்கம் ஒரு குட்டி ஆணி நீட்டிக்கொண்டிருந்தது. விளிம்பில் யாரோ அரத்தால் லேசாக ஒரு வெட்டு போட்டிருந்தார்கள்.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பது ஒன்று உண்டு. கழட்டினபடியே மாட்டு. எது எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ, திரும்பவும் அதே பக்கம். அந்த வெட்டு மேல் குமிழைப் பார்த்தபடி இருந்தது. மனதில் குறித்துக்கொண்டேன். திறக்கும்போதெல்லாம் பார்த்தேன், மூடும்போதெல்லாம் பிசகாமல் மேல் குமிழுக்கு நேராகவே வைத்து மூடினேன். அந்த ஒழுங்கில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

முதல் நாள், ஸ்பிரிங் ஏற்றி, அலார முள்ளை நகர்த்திப் பார்த்தேன். நேரம் வந்தபோது உள்ளே 'சர்ர்ர்' என்று ஏதோ ஓடி ஓய்ந்தது. அவ்வளவுதான். காதோடு வைத்தால்தான் கேட்டது. இரண்டாம் நாள் லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தேன். அலாரத்தின் சுத்தியல் தெரிந்தது. எள்ளை விடக் கொஞ்சம் பெரியது. அதன் அடியில் வெள்ளையாகப் பூத்திருந்தது. கடற்கரை ஊரில் வியர்வையும் உப்பும் எதைத்தான் விட்டது! பெட்ரோல் தொட்ட பிரஷ் முனையால் துடைத்தேன். சுத்தியல் சுதந்திரமாக ஆடியது. மூடினேன், சாவி கொடுத்தேன். மறுபடியும் அதே சர்ர்ர். சுத்தியல் ஆடுகிறது, சத்தம் இல்லை.

இதற்கு நடுவில் மாமனாரின் பேச்சு. அவரிடம் மிஞ்சியிருந்தது இரண்டே சொல். ஒன்று 'மிதி'. இன்னொன்று 'தூ'.

மிதி என்பது எங்களுக்குப் புரிந்ததாகவே நினைத்தோம். வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கிற பெண், நாற்காலிக்குக் கீழே ஒரு பெடலை வைத்து, "மிதிங்க தாத்தா, மிதிங்க, நல்லா மிதிங்க" என்று அவர் காலைப் பிடித்துச் சுற்றுவாள். அந்தச் சொல் அவர் நாக்கில் ஒட்டிக்கொண்டது என்று முடிவு கட்டினோம். ஆகவே அவர் மிதி என்றால் என் மனைவி ஓடிப்போய்ப் பெடலை எடுத்து அவர் காலடியில் வைப்பாள். அவர் நல்ல காலால் அதை எட்டி உதைப்பார். அது சுவரில் போய் மோதும்.

நான் வாட்ச்சோடு உட்கார்ந்த பிறகு அவர் அதையே என்னிடமும் சொல்ல ஆரம்பித்தார். மேசையை இடது கையால் தட்டி, வாட்ச்சைக் காட்டி, "மிதி!" என்பார். வாட்ச்சை எப்படி மிதிப்பது? கையால் செய்வது அமுக்குவது, காலால் செய்வது மிதிப்பது. பக்கவாதம் வந்தவர்களுக்கு வார்த்தை இடம் மாறும், நாற்காலி என்று நினைத்து மேசை என்பார்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அமுக்கு என்பதற்குத்தான் மனிதர் மிதி என்கிறார் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டு, மேல் குமிழை அமுக்கிக் காட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். குமிழை அமுக்கினால் அலாரம் அடிக்காமல் நிற்கும் என்பது எனக்கும் தெரியும். வேறு என்னத்தை அமுக்குவது?

தூ என்பதில் சந்தேகமே இல்லை. மாத்திரையை எடுத்துக்கொண்டு மகள் பக்கத்தில் போனால் சொல்வார். நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி அவள் ஒவ்வொன்றாகத்தான் நீட்டுவாள். முதல் மாத்திரையைப் பார்த்ததும் "தூ!" பிறகு வாயை மூடிக்கொள்வார்.

"எச்சில் வரல, ஆனா துப்புறாரு," என்று முதல் நாள் ராத்திரி அவள் என்னிடம் அழுதாள். "நான் அப்படி என்னாங்க பண்ணிட்டேன்?"

எனக்குத் தெரிந்த பதில் அவளுக்கும் தெரியும். அவள் சின்னவளாக இருந்த காலமெல்லாம் அவர் எங்கேயோ பட்டாளத்தில் இருந்தார். அவளையும் கருவடிக்குப்பத்து இந்த வீட்டையும் அவள் அம்மா தனியாகத்தான் பார்த்துக்கொண்டாள். எப்போதாவது வருவார், சாக்லேட் தருவார், பிரெஞ்சில் ஏதாவது சொல்லிக் கொஞ்சுவார், போய்விடுவார். அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது இவள் வளர்ந்துவிட்டாள். "அந்த பாஷ இந்த வூட்டுக்குள்ள வரக் கூடாது," என்று அவரிடம் சொல்லியிருக்கிறாள். அவரும் கேட்டுக்கொண்டார். கூட்டாளிகளோடு பீச்சில் உட்கார்ந்தால் பிரெஞ்சு, வீட்டு வாசற்படி ஏறினால் தமிழ். நான் வந்த பிறகு அவர் வீட்டுக்குள் ஒரு பிரெஞ்சு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. எங்கள் இருவருக்கும் போன்ழூரும் மெர்சியும் தெரியும். அதற்கு மேல் சுத்தம்.

ஆகவே அப்பா தன்மேல் பழைய கோபத்தைத் தீர்த்துக்கொள்கிறார் என்று அவள் நம்பினாள். மூளை கலங்கியபின் மனதில் இருப்பது வெளியே வருகிறது என்று நினைத்தாள். வாட்ச் அடித்தால் மாத்திரை போகும், மாத்திரை போனால் டியூப் வராது. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தூ என்று சொல்லாத அப்பா அவளுக்குத் திரும்ப வேண்டும். இரண்டையும் அந்தக் காலணா அகலத்துச் சாமானுக்குள் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலை, டாக்டர் பேசி முடித்ததும், மறுபடியும் திறந்தேன். கை வியர்த்தது. மின்விசிறியைப் போட்டால் ஸ்க்ரூ பறந்துவிடும் என்று நிறுத்தியிருந்தேன். இந்தத் தடவை பதற்றத்தில், உள்மூடியை வைத்தபோது வெட்டு குமிழுக்கு நேராக இல்லாமல் வேறெங்கோ திரும்பி உட்கார்ந்தது. வளையத்தை முடுக்கினேன். வாட்ச் நின்றுவிட்டது. அலாரம் இல்லை, மணியே நின்றுவிட்டது. டிக் டிக் என்ற அந்தச் சின்னச் சத்தம் அற்றுப்போனதும் அறையே காலியானது போல இருந்தது. மாமனார் நாற்காலியில் முன்னுக்கு வந்தார்.

அவசரமாக வளையத்தைத் தளர்த்தினேன். டிக் டிக் திரும்ப வந்தது. உள்மூடியின் ஆணி போய், ஓடுகிற பேலன்ஸ் வீலைத் தொட்டிருக்கிறது. இன்னும் ஒரு திருகு முடுக்கியிருந்தால் அதன் மயிரிழை அச்சு முறிந்திருக்கும். அப்புறம் இந்த வாட்ச்சுக்கு எந்த ஊரிலும் வைத்தியம் இல்லை. மூடியைக் கண்டபடி திருப்பிப் பார்க்கிற விளையாட்டு இனி வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்தேன். வெட்டைத் திரும்பவும் மேல் குமிழுக்கு நேராக வைத்தேன்.

"மிதி!" மாமனார் மேசையைக் குத்தினார். ஸ்க்ரூ வைத்திருந்த தட்டு எகிறியது. "மிதி! மிதி!"

"எத மிதிக்கிறது மாமா?" நானும் கத்திவிட்டேன். "ஒங்க தலையவா, என் தலையவா?"

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்தது. வாய் இல்லாத மனிதரோடு மல்லுக்கட்டுகிறேனே என்று. என் மனைவி ஓடிவந்து வழக்கம்போலப் பெடலை எடுத்து அவர் காலடியில் வைத்தாள். இந்தத் தடவை அவர் அதை உதைக்கவில்லை. சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். உதைத்திருந்தால் தேவலாம் என்று இருந்தது.

பதினொன்றரையைத் தாண்டியிருக்கும். அலமாரியில் கிடந்த மாமனாரின் போன் அடித்தது. அவருடைய பட்டாளத்துக் கூட்டாளி, வைத்திக்குப்பத்துப் பக்கம் வீடு. இவள் சித்தப்பா என்று கூப்பிடுவாள். அப்பாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னாம்மா, எப்படி இருக்கான்? நேத்தே வரணும்னு இருந்தேன், முட்டி வலி. இன்னைக்கு மிதிக்கு வரேன்னு அவன்கிட்ட சொல்லு. சாப்பாடு கீப்பாடு ஒண்ணும் செய்யாத."

அவள் பெடலைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"எதுக்கு வர்றீங்க சித்தப்பா?"

"மிதிக்கும்மா. பிரெஞ்சுல பகல் பன்னெண்டு மணி. சொல்தா பொண்ணு, இது கூடவா தெரியல?" என்று சிரித்துவிட்டு அவர் வைத்துவிட்டார்.

மாமனார் கண்ணைத் திறந்திருந்தார். இடது கை ஆள்காட்டி விரலை நீட்டி, மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போல, "மிதி," என்றார்.

என் மனைவி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "பன்னெண்டு மணின்னு சொல்லிக்கினு இருந்திருக்காரு," என்றாள். "மாத்திர வேளைய சொல்லிக்கினு இருந்திருக்காரு. நான் பெடல எடுத்துப் போட்டுக்கினு இருந்தேன்."

மாத்திரை வேளையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. என்னிடம் அவர் எப்போதெல்லாம் கத்தினார் என்று யோசித்தேன். சுத்தியலைத் துடைத்தபோது கத்தவில்லை. ஸ்பிரிங் ஏற்றியபோது கத்தவில்லை. ஒவ்வொரு தடவையும், நான் உள்மூடியை வைக்கப் போன அந்த நொடியில்தான் மேசையைத் தட்டினார். மிதி என்றால் பன்னிரண்டு. பன்னிரண்டு என்றால் மணி மட்டும்தானா? வாட்ச்சில் அது ஒரு இடமும்கூட. டயலின் தலை.

அந்த வெட்டைப் போட்டவர் வேறு யாராக இருக்கும்? இந்த வாட்ச்சை வேறொரு கை தொட அவர் விட்டதே இல்லை. அவரே போட்ட அடையாளம் அது, மூடியைப் பன்னிரண்டுக்கு நேராக வைக்க. குளியலறையில் விழுந்த அடியில் வளையம் தளர்ந்து மூடி திரும்பியிருக்கிறது. திரும்பிப் போன இடத்தை நான் சரியான இடம் என்று நினைத்து, கழட்டினபடியே, பிசகாமல், மூன்று நாளாகத் தப்பாகவே மாட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வெர்னியரை எடுத்தேன். மணி ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டுக்குள் மூடியாக வேண்டும், அல்லது நாளைக்குத்தான். நாளை என்பது மூக்கில் டியூபோடு. மூடியைக் கழற்றி லென்ஸுக்கடியில் பிடித்தேன். ஆணியின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளத்தது. இத்தனை வருஷமும் சுத்தியல் வந்து தட்டிய இடம் அதுதான். சத்தமே இந்த மூடியிலிருந்துதான் வந்திருக்கிறது. நான் அதை வெறும் தகடு என்று நினைத்துத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தேன்.

வெட்டைப் பன்னிரண்டுக்கு நேராக, வார் மாட்டுகிற மேல்பக்கத்துக்குத் திருப்பினேன். பேலன்ஸ் வீல் மறுபடியும் நின்றால்? வளையத்தைச் சுற்றும்போது மூடி கூடவே நகரப் பார்த்தது. இடது கட்டை விரலால் அழுத்திக்கொண்டு வலது கையால் திருகினேன். வியர்வையில் விரல் வழுக்கியது. என் மனைவி எதையும் கேட்காமல் வந்து தன் விரலையும் என் விரல்மேல் வைத்து அழுத்தினாள். முடுக்கினேன். டிக் டிக் நிற்கவில்லை. இன்னும் முடுக்கினேன். நிற்கவில்லை.

போனைப் பார்த்து மணியைச் சரி செய்தேன். மேல் குமிழைத் திருகி ஸ்பிரிங்கை நிறைய ஏற்றினேன். இழுத்து, அலார முள்ளைப் பன்னிரண்டில் நிறுத்தி, இழுத்தபடியே விட்டேன். ஒரு தடவை அடிக்க வைத்துச் சோதித்துவிடலாம் என்று முள்ளை நகர்த்தப் போனேன். மாமனார் இடது கையை நீட்டி என் கையிலிருந்து வாட்ச்சைப் பறித்துக்கொண்டார். கேட்டால் தரமாட்டார் என்று தெரியும். வாரை மட்டும் அவர் மணிக்கட்டில் கட்டிவிட்டேன்.

அதன் பிறகு செய்ய எதுவும் இல்லை. அவள் மூன்று மாத்திரையையும் ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றாள். நான் எதிரே நின்றேன். மாமனார் டயலையே பார்த்துக்கொண்டிருந்தார். போனில் பன்னிரண்டு ஆயிற்று. ஒன்றும் இல்லை. வாட்ச்சில் இரண்டு முள்ளும் ஒன்றன்மேல் ஒன்று வந்து நின்றன. ஒன்றும் இல்லை. பெரிய முள் மெல்லத் தாண்டியது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். ஆட்டோவுக்குச் சொல்ல வேண்டும், ஆஸ்பத்திரிக்கு மாற்று வேட்டி எடுத்துவைக்க வேண்டும் என்று புத்தி கிளம்பிவிட்டது. வெளியே ஸ்கூட்டர் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

அப்போது அடித்தது.

கிர்ர்ர்ர் என்று, மூர்க்கமாக, மேசைமேல் இருந்த ஸ்க்ரூ தட்டுகூட அதிர்கிற மாதிரி. மாமனாரின் முழங்கை வரை நடுங்கியது. நான் சத்தம் போட்டுச் சிரித்தேன், அல்லது அழுதேன். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கூட்டாளி, "அட, இன்னும் இது உயிரோட இருக்குதா?" என்றார்.

சத்தம் ஓய்ந்ததும் மாமனார் இடது உள்ளங்கையை விரித்து நீட்டினார். வாட்ச் கட்டிய அதே கை. என் மனைவி கிண்ணத்திலிருந்து முதல் மாத்திரையை எடுத்து நீட்டினாள்.

"தூ," என்றார் அவர்.

அவள் கை அப்படியே நின்றது. வாட்ச்சும் அடித்தாயிற்று, வேளையும் வந்தாயிற்று, இன்னும் தூ. கிண்ணத்தை மேசைமேல் வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னாம்மா? ஏன் அழுவுற?" கூட்டாளி திகைத்துப்போய்க் கேட்டார்.

"பாத்தீங்களா சித்தப்பா? தெனமும் இப்படித்தான். என்னப் பாத்தா துப்புறாரு."

அவர் மாமனாரைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். "யாரு துப்பினது? பிரெஞ்சுல தூன்னா எல்லாம்னு அர்த்தம்மா. பட்டாளத்துல தட்ட நீட்டினா அதத்தான் சொல்லுவோம். அவன் மொத்தத்தையும் ஒண்ணா குடுன்னு கேக்குறான். நீ ஒண்ண குடுக்குற."

மாமனார் நீட்டிய கையை மடக்கவில்லை. என் மனைவி கிண்ணத்தை எடுத்து மூன்றையும் அந்த உள்ளங்கையில் கவிழ்த்தாள். அவர் ஒரே வீச்சில் வாயில் போட்டுக்கொண்டார். தண்ணீர் கொடுத்தாள். தொண்டை ஏறி இறங்கியதை மூன்று பேரும் கண்கொட்டாமல் பார்த்தோம். வாயைத் திறந்து காட்டினார். காலி. டாக்டருக்கு நான்தான் போன் செய்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

மறுநாள் மேல் குமிழுக்குச் சாவி கொடுக்க அவர் மணிக்கட்டை என் பக்கம் நீட்டினார். இரும்பு பிடிக்கிற கைதான், கொடுத்தேன். மிதிக்கு அடித்தது. என் மனைவி மூன்று மாத்திரையையும் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் போய்க் குனிந்து நின்றாள். அந்தப் பாஷையில் அவள் அப்பாவிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"தூ, அப்பா," என்றாள், அழுத்தமாக. "தூ!"

ஜன்னல் பக்கமாகத் துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்துப் பதறிப்போய், "அடிப்பாவி, பெத்த அப்பனப் பாத்தா இப்படித் துப்புற?" என்றாள். என் மனைவி அவர் விழுங்கி முடிக்கிற வரைக்கும் தண்ணீர் டம்ளரை அவர் உதட்டருகே பிடித்துக்கொண்டிருந்தாள்.